தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள்

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் நம் கிராமத்துச் சாலைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். தரைப்பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடும். இரு பக்கமும் கூட்டம் நிற்கும். முழங்காலளவு நீரில் இறங்கி நிற்கும் இளைஞர்கள் சிலர், "வாங்க, வாங்க, வந்துரலாம்" என்று கையசைத்து வண்டிகளை அழைப்பார்கள். அவர்கள் உதவி செய்வதாகவே நினைக்கிறார்கள். ஆனால் மனிதனின் இரண்டு கால்களுக்கு இடையே தண்ணீர் புகுந்து போய்விடுகிறது. காரோ தன் நீளம் முழுவதையும் நீரோட்டத்துக்குக் குறுக்கே கொடுத்து நிற்கிறது. ஆள் நிற்க முடிகிற இடத்தில் கார் நிற்கும் என்று எண்ணுவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. நம் ஊர்களில் ஓடும் சிறிய கார்கள் பல 750 முதல் 900 கிலோ எடை கொண்டவை. அடித்தட்டு தரையிலிருந்து சுமார் 17 செ.மீ. உயரத்தில் இருக்கும், அதன் பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீட்டர். அந்த அடித்தட்டுக்கு மேல் இன்னும் 15 செ.மீ. தண்ணீர் ஏறினாலே, முக்கால் டன் எடையைத் தூக்கிவிடும் விசை கீழிருந்து கிடைத்துவிடுகிறது. அதாவது ஆழம் ஓர் அடியைத் தாண்டும்போது டயர் தரையை அழுத்துவது ஏறக்குறைய நின்றுபோகிறது. அதன் பிறகு ஸ்டியரிங்கும் பிரேக்கும் எதற்கும் உதவா. பக்கவாட்டில் தள்ளும் விசையோ, நீரின் வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகிறது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: ஓடும் நீர் ஓர் அடி இருந்தால் சிறிய காரை இழுத்துச் செல்லும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும்.

"தினமும் போய்வருகிற பாதைதானே" என்ற நம்பிக்கையே என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. புது ஆள் தண்ணீரைக் கண்டால் தயங்குவான்; சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் அறிந்தவன்தான் துணிந்து இறங்குகிறான். அவன் அறிந்த சாலை தண்ணீருக்கு அடியில் அப்படியே இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. வெள்ளம் வடிந்த மறுநாள் ஏதேனும் ஒரு தரைப்பாலத்துக்குப் போய், தண்ணீர் வழிந்து விழுந்த பக்கத்தைக் குனிந்து பாருங்கள். விழும் தண்ணீர் சாலையோரத்து மண்ணைத் தோண்டி, தாருக்கு அடியிலிருந்த கிராவலையும் ஜல்லியையும் உள்வரை அரித்திருக்கும். மேலே தார் மட்டும் உதடு போல நீண்டு நிற்கும். அந்தத் தாரின் மேல் ஒரு சக்கரம் ஏறினால் போதும், அது உடைந்து வண்டி கவிழ்ந்துவிடும். கலங்கிய நீர் ஓடும்போது, அதிலும் இரவில், இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு பேருந்து கடந்துபோனது என்பதும் சான்றாகாது. அது பேருந்தின் எடை, அப்போதிருந்த நீர்மட்டம், அப்போதிருந்த சாலை.

நீர்மட்டம் எவ்வளவு விரைவில் மாறும் என்பதை 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பார்த்தோம். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் பல விழித்தெழும்போதே தண்ணீருக்குள் இருந்தன. விழுப்புரம் மாவட்டம் அரசூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில், திறந்து சில மாதங்களே ஆன உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. சுமார் 50 செ.மீ. மழை கொட்டிய ஊத்தங்கரையில், ஏரி நிரம்பி வந்த வெள்ளம் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிச் சென்றது. நின்ற வண்டிக்கே அந்த நிலை. நெடுஞ்சாலை அடைபட்டால் கைபேசி வரைபடம் உடனே ஒரு கிராமத்துச் சாலையைக் காட்டும். அந்தச் சாலையில் எத்தனை ஓடைகள் குறுக்கிடுகின்றன, அவற்றில் எவை கரைபுரண்டு ஓடுகின்றன என்பது அதற்குத் தெரியாது.

உயரமான டிராக்டரில் போனால் ஆபத்தில்லை என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி சாலையை வெள்ளத்தினூடே கடக்க முயன்ற டிராக்டர் கவிழ்ந்து, அதில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரஸா மாணவர்கள் பலர் உயிரிழந்தார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நீர் ஓடாமல் தேங்கி நிற்கும் இடமும் அப்படித்தான். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி அரசு மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். சுரங்கப்பாதையின் நடுப்பகுதிதான் மிகவும் தாழ்ந்தது. இறங்கும் இடத்தில் தெரியும் ஆழத்தை வைத்து நடுவிலுள்ள ஆழத்தை எடைபோட முடியாது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து வண்டி நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். அந்த நிமிடங்கள் உயிருக்கு உரியவை. வெளியிலிருந்து அழுத்தும் நீரால் கதவு திறக்காது. மின்சாரம் துண்டிக்கப்படும் முன்பே சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, அதன் வழியே வெளியேறி, தேவைப்பட்டால் கூரை மேல் ஏறிக்கொள்ள வேண்டும். கண்ணாடி இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடையுங்கள். முன்கண்ணாடி எளிதில் உடைந்து விலகாது.

தண்ணீரில் இறங்குகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மறுகரையில் பள்ளி விட்டு நிற்கும் குழந்தையோ, பிரசவ வலியில் துடிக்கும் மகளோ, விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் வேலையோ இருக்கும். சுற்றிப் போனால் இருபது கிலோமீட்டர் ஆகும். அந்த நெருக்கடியில், மழையில் நனைந்துகொண்டு, கணநேரத்தில் எடுக்கும் முடிவை ஓட்டுநரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. தரைப்பாலத்தின் இரு முனையிலும் அடிக்கணக்கு எழுதிய கம்பங்கள் நட வேண்டும்; சாலையின் விளிம்பு நீருக்கு மேல் தெரியும்படி வெள்ளையும் சிவப்பும் பூசிய குத்துக்கற்கள் வேண்டும்; நீர் குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் பூட்டிவிடக்கூடிய தடுப்பும், அதன் சாவிக்குப் பொறுப்பான உள்ளூர் ஆளும் வேண்டும். ஒரு மரக்கிளையைக் குறுக்கே போட்டுவிட்டுப் போவது தடுப்பாகாது; இரண்டு பேர் சேர்ந்தால் அதை நகர்த்திவிடுகிறார்கள். உயர்மட்டப் பாலம் கேட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்கும் ஊர்களில்கூட இந்த வேலைகளை ஒரே மாதத்தில் முடித்துவிடலாம்.

தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 15 அன்றும் அக்டோபர் 2 அன்றும் கிராம சபை கூடுகிறது. இரண்டுமே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வருபவை. உங்கள் ஊராட்சியில் தண்ணீர் ஏறும் தரைப்பாலங்கள், சுரங்கப்பாதைகள் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, அளவுக்கம்பமும் பூட்டும் தடுப்பும் கேட்டு அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். சாலை நெடுஞ்சாலைத் துறைக்கோ ரயில்வேக்கோ உரியது என்று பதில் வந்தால், தீர்மானத்தின் நகலை அந்தத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.