கவானாவின் கொராய் புல்

ஜப்பானின் இஸு தீபகற்பத்தில், சகாமி விரிகுடாவைப் பார்த்தபடி அமைந்திருக்கும் கவானா ஃபுஜி கோல்ஃப் மைதானத்தைப் பற்றி யார் எழுதினாலும், அதை வடிவமைத்த ஆங்கிலேயர் சார்லஸ் ஹியூ ஆலிசனின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. 1930இன் இறுதியில் ஜப்பானுக்கு வந்து சில மாதங்களே தங்கியவர் அவர். ஆனால் அவர் வெட்டச் சொன்ன ஆழமான மணற்குழிகளை அந்நாட்டார் இன்றும் ‘ஆலிசன் பங்கர்’ என்றே அழைக்கிறார்கள். ஆளை மறந்தாலும் பள்ளத்தை மறக்க முடியவில்லை போலும்!

இருந்தாலும், 1936இல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தின் பெருமை முழுவதையும் அவர் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பணம் போட்டவர் தொழிலதிபர் ஒக்குரா கிஷிசிரோ. வடிவமைப்பில் ஆலிசனோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவர் கின்யா ஃபுஜிட்டா. அவர்களையும் விட முக்கியமானது, கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றிப் பந்தை உருட்டி ஆடும் புல்தரைகளில், வளரும் கொராய் புல்.

கொராய் என்றதும் நமக்குப் பாய் முடையும் கோரை நினைவுக்கு வரும். ஓசையைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. கொராய் என்பது கொரியாவின் பழைய அரசொன்றின் பெயருக்கு ஜப்பானியர் தரும் உச்சரிப்பு. வெயிலையும் புழுக்கத்தையும் தாங்கும் இந்தப் புல், குளிர்காலத்தில் வைக்கோல் நிறத்துக்கு மாறி உறங்கிவிடும். மேனாட்டு பென்ட் புல்லோ ஜப்பானியக் கோடையில் வாடிப்போகும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான், ஒவ்வொரு குழிக்கும் புல்லுக்கு ஒன்றாக இரண்டு கிரீன்களை அமைக்கும் வினோத வழக்கம் அங்கே பரவியது. பின்னர் பல மைதானங்கள் பென்ட்டுக்கே மாறிவிட்டன, கவானா மாறவில்லை.

மாறக்கூடாது என்பதே என் கருத்து. கொராய் புல்லின் இதழ் தடித்தது, விறைப்பானது. அது சாய்ந்திருக்கும் திசையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். எதிர்த்திசையில் அடித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல நின்றுவிடும். இது நியாயமற்ற ஆட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. கடற்காற்று மட்டும் நியாயமாகவா வீசுகிறது? பாறைச்சரிவின் ஓரமாகச் செல்லும் 15ஆம் குழிக்கான ஆட்டப்பாதையை வியந்து படமெடுப்பவர்கள், அதன் கிரீனை மட்டும் பளிங்குத் தரைபோல எதிர்பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

அங்கே வசந்தகாலத்தில் நடக்கும் ஃபுஜிசாங்கெய் மகளிர் போட்டியின் ஒளிபரப்பைப் பார்க்கும்போது, நான் கடலைக் கவனிப்பதில்லை. பந்தை உருட்டும் முன் ஆட்டக்காரரும் அவருக்கு உதவும் கேடியும் குழியருகே குனிந்து, விளிம்பில் எந்தப் பக்கம் புல் நைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்; புல் சாயும் திசையை அதை வைத்துத்தான் கணிக்கிறார்கள். அப்படியெல்லாம் பார்த்து அடித்த பந்தும், குழிக்கு ஒரு சாண் முன்னால் வேகம் குறைந்து, ஒருமுறை தயங்கி, ஓரமாக ஒதுங்கிப் போய்விடும்.