திருத்துவதற்கு ஆள் இல்லாத ஊர்

ஏ9 வீதியோரமாகக் கிளிநொச்சி நகரில் ஒரு நடை நடந்தால் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் தொலைபேசிக் கடைகளும் வரிசைகட்டி நிற்பதைக் காணலாம். ஆனால் நின்றுபோன மின்விசிறி ஒன்றைத் திருத்தித் தரக்கூடிய ஒருவரைத் தேடி நான் மூன்று கிழமைகளாக அலைகிறேன். பழுதானது விசிறியைச் சுழலத் தொடங்கவைக்கும் சிறு பாகமான கப்பாசிற்றர் மட்டுமே என்பது எனக்கே தெரியும், ஏனெனில் தகட்டைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் அது முனகியபடி சுற்றத்தான் செய்கிறது.

முதற்கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பாராமல், "அண்ணை, திருத்திறதிலும் பார்க்கப் புதுசா எடுங்கோ, தவணைக்குத் தரலாம்" என்றார். இரண்டாமவர் சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார். போரால் நின்றுபோயிருந்த கொழும்பு ரயிலான யாழ்தேவி 2013இலேயே இங்கு திரும்பி வந்துவிட்டது, என் கப்பாசிற்றர் மட்டும் இன்னும் புறப்படவில்லை போலும்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கார்புரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும், பற்றரி கிடையாதபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் நாங்கள்தான். எல்லாப் பொருளும் தாராளமாக வந்திறங்கும் இன்று, அந்தக் கைகள் எல்லாம் எங்கே போயின என்று கேட்டால், பாதிப்பேர் வெளிநாட்டில் என்கிறார்கள்; மிச்சப்பேர் ஓட்டோவுக்கு லீசிங் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்றிரவும் கட்டிலிலிருந்து எழுந்து, தகட்டை விரலால் தள்ளிவிட்டுத்தான் படுத்தேன்.