ஸ்கேன் நார்மல்னா ஒண்ணும் ஆகலையா?

போன வாரம் நம்ம மலை ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி சிஸ்டரை ஒருத்தர் அடித்து, அவர் தலை சுவரில் மோதியது. அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அடித்த ஆளைப் பற்றி எழுத வரவில்லை. வீடியோவின் கீழே ஒருத்தர் அந்த சிஸ்டரைப் பற்றிக் கேட்டிருந்தார்: "சிடி ஸ்கேன் நார்மல்தானே, எதுக்கு ஒரு மாசம் லீவு?" இரண்டு நாளாக அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

சிடி பார்ப்பது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். மூளை குலுங்கினது அதில் தெரியாது. வாந்தி வந்ததா, நினைவு தடுமாறுதா, வெளிச்சம் கூசுதா என்று கேட்டுத்தான் டாக்டரே கண்டுபிடிக்கிறார். நார்மல் என்றால் ரத்தம் கசியவில்லை, அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை.

எனக்குத் தெரியும், நானும் நர்ஸ்தான். 2014ல் ஒருத்தர் குடித்துவிட்டு வந்து டிரிப் ஸ்டாண்டை வீசினார். என் வலது காதுக்கு மேலே பட்டது. கோவைக்கு இறக்கிக் கூட்டிப்போனார்கள், கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு வாந்தி. ஸ்கேன் நார்மல். நான்காம் நாள் டியூட்டி. எந்த பெட்டுக்கு எந்த ஊசி என்று ஒரே சீட்டை மூன்று தடவை பார்த்தேன். மூடுபனி விலகி வெயில் வந்தால் கண்ணைத் திறக்க முடியாது. எட்டு மாதம் அப்படி. மேலதிகாரி சொன்னது: "இந்த வயசுல இதெல்லாம் வரும் சிஸ்டர்." அப்போது எனக்கு 42.

2018ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நரம்பிழைகளை ஆய்வகத்தில் வளர்த்து இழுத்துப் பார்த்தார்கள். பெண்ணின் இழை மெலிது, உள்ளே தாங்கும் நுண்குழல்களும் குறைவு. அதே இழுப்புக்கு அதிகம் சேதமானது. தலை குலுங்கிய பிறகு பெண்களுக்குத் தொந்தரவு நீடிப்பதை வேறு பல ஆய்வுகளும் சொல்கின்றன. அதை வயசு, டென்ஷன் என்கிறோம்.

"ஆம்பளைக்கு அடிபடலையா?" படுது. மொத்தத் தலைக்காயத்தில் ஆண்களே அதிகம், நான் மறைக்கவில்லை. எங்கள் செக்யூரிட்டி அண்ணனுக்கும் அடிபட்டது. அவரை யாரும் "மனசு பலவீனம்" என்று சொல்லவில்லை.

"பெண்களைப் பலவீனமா காட்டாதீங்க அக்கா" என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறாள். அடிபட்டதைச் சொல்வது பலவீனமா, கண்ணு?

"சட்டம் இருக்கே." இருக்கிறது, தமிழ்நாட்டில் 2008ல் இருந்து. ஆஸ்பத்திரி ஊழியரை அடித்தால் 3 முதல் 10 வருடம் ஜெயில். அடிபட்டவள் மருந்து ட்ராலி முன்னால் நின்று தடுமாறுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். எடைத் தகராறில் மேஸ்திரி தள்ளிவிட்டு, தலை பாறையில் மோதியது. மறுநாளே கூடையோடு போனார். அதற்குப் பிறகு எண்ணும்போது நடுவில் நின்றுவிடுவார், அடுப்பில் உலையை மறந்துவிடுவார். லைன் வீட்டில் "மறதிக்காரி" என்றே பெயர். சின்ன வயதில் நானும் அப்படிக் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறேன்.

அந்த ஒரு மாத லீவை அந்த சிஸ்டரிடம் யாரும் கேள்வி கேட்காதீர்கள்.