முட்டையும் இல்ல, பாலும் இல்ல, அப்புறம் என்ன கேக்கு அது?

கேட்டது என் அம்மா. அடுக்களை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, கையில் காப்பி டம்ளரோடு. நான் மைதா சலித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அக்கா மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள்.

அவளுக்குப் பாலும் முட்டையும் ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புசம், ஏப்பம் அந்த மாதிரி இல்லை. பாலில் இருக்கிற புரதத்தை உடம்பு எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிற அலர்ஜி. உதடு வீங்கும், முதுகெல்லாம் தடித்துப்போகும். பாலில் இருக்கிற லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காத பெரியவர்கள் பலர் கொஞ்சம் மோர் குடித்துச் சமாளித்துவிடுவார்கள். இவளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

அதற்கு முந்தைய வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரியில்தான் கேக் வாங்கினோம். “பால் சேர்த்திருக்கா?” என்று தெளிவாகத்தான் கேட்டேன். “இல்லக்கா, இது எக்லெஸ்” என்றார் அந்தத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்வியே அவர் காதில் வேறாக விழுந்திருக்கிறது. முட்டை இல்லாத கேக்கை மெத்தென்று ஆக்குவதே பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க்கும் தயிரும்தான். அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்தோம்.

இந்தக் குழப்பம் அந்தத் தம்பிக்கு மட்டும் இல்லை, நம் எல்லோருக்கும் இருக்கிறது. நாம் ‘சுத்த சைவம்’ என்று சொல்லும்போது அதில் பால், தயிர், நெய், பனீர் எல்லாம் அடக்கம். பாக்கெட்டில் இருக்கிற பச்சைப் புள்ளிக்கும் அதே அர்த்தம்தான். பால் பவுடர் இருந்தாலும் பச்சைப் புள்ளி வரும். பாலும் கிடையாது என்று சொல்வதற்குத் தனியாக ஒரு முத்திரை இருக்கிறது. வீகன் என்றால் பால், முட்டை, கறி என்று விலங்கிலிருந்து வருகிற எதுவும் சேராதது. 2022இல் வந்த வீகன் உணவு விதிகளின்படி, பச்சை நிறத்தில் ஆங்கில ‘வி’ எழுத்தும் மேலே ஒரு சின்னச் செடியும் இருக்கும். அலர்ஜிக்காரர்களுக்கு அதைவிட உதவுவது பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கிற “பால் உள்ளது” என்கிற வரி. நான் இப்போதெல்லாம் கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு பாக்கெட்டை மூக்குக்கிட்ட வைத்துப் படிக்கிறேன். ரொட்டியில், பிஸ்கட்டில், மார்ஜரினில், ஏன் சிப்ஸ் மசாலாவில்கூடப் பால் ஒளிந்திருக்கிறது.

சரி, கேக்குக்கு வருகிறேன். அன்றைக்கு நான் செய்தது அமெரிக்காவில் வாக்கி கேக் என்று சொல்கிற கேக். 1930களின் பொருளாதார மந்த காலத்திலும் பிறகு போர்க்கால ரேஷனிலும் வெண்ணெயும் முட்டையும் கிடைக்காத வீடுகளில் புழங்கியது என்பார்கள். அளவு எனக்கு மனப்பாடம். ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூன்று மேஜைக்கரண்டி கோகோ, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு. இதெல்லாம் சலித்த பிறகு ஒரு மேஜைக்கரண்டி வினிகர், ஒரு டீஸ்பூன் வெனிலா எசன்ஸ், ஐந்து மேஜைக்கரண்டி எண்ணெய், ஒரு கப் தண்ணீர். பச்சைத் தண்ணீர்தான். அம்மா கேள்வி கேட்டது இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான்.

வினிகரும் சோடாவும் சேர்ந்தவுடன் நுரைக்கத் தொடங்கிவிடும். அந்தக் கரியமில வாயுதான் கேக்கைத் தூக்கிப் பிடிக்கிறது, முட்டை செய்கிற வேலையில் பாதியை அது செய்துவிடுகிறது. அதனால் கலந்தபின் போனை எடுக்கக் கூடாது, வாசலில் யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது, உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். ரொம்ப நேரம் கிண்டவும் கூடாது. மாவுத் திட்டு மறைந்தால் போதும், அதற்கு மேல் கிண்டினால் ரப்பர்தான். கடலை எண்ணெயில் செய்தால் கேக்கில் வடைச்சட்டி வாசம் வரும். சூரியகாந்தி எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெயும் நன்றாக இருக்கும், ஆனால் மார்கழிக் காலையில் உறைந்துபோய்க் கட்டி கட்டியாக நிற்கும், உருக்கித்தான் ஊற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்போது ஓவன் இல்லை. அம்மா காலத்துப் பழைய ஐந்து லிட்டர் குக்கர். அடியில் இரண்டு விரற்கடை மணல், மேலே ஒரு ஸ்டாண்டு, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி, பத்து நிமிஷம் சூடாக்கி, அப்புறம் கேக் தட்டை உள்ளே இறக்கி, தீயைச் சிம்மில் வைத்து முக்கால் மணி நேரம். குச்சி குத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. பிள்ளை மறுநாள் தன் கேக்கைத் தானே வெட்டி, மற்ற பிள்ளைகளுக்கும் ஊட்டி, தானும் தின்றாள். ‘நீ இதைத் தொடாதே’ என்று யாரும் சொல்லாத முதல் பிறந்தநாள். அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது துண்டு எடுத்தார். அம்மாவிடம் அதுதான் சர்ட்டிபிகேட்.

இதெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஒரு தோழி பெரிய பையோடு வீட்டுக்கு வந்தாள். அவள் மகளுக்கும் பால் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே ஆன்லைனில் பாதாம் பால், ஓட்ஸ் பால், வீகன் சீஸ், வீகன் வெண்ணெய், மேப்பிள் சிரப் என்று ஆர்டர் போட்டிருக்கிறாள். ஒரு மாச மளிகைச் செலவு அந்தப் பையிலேயே போய்விட்டது. சீஸை வைத்துப் பீட்சா செய்திருக்கிறாள். சூட்டில் உருகாமல் மெழுகு மாதிரி நின்றிருக்கிறது. பிள்ளை அழுதிருக்கிறாள், இவளும் அழுதிருக்கிறாள்.

அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். பாலுக்குப் பதில் எது, வெண்ணெய்க்குப் பதில் எது, பனீருக்குப் பதில் எது என்று தேடிக் கிளம்பினால் காசும் போகும், நாக்கும் செத்துப்போகும். ‘பதில்’ சாமான் எப்போதும் ஒரு படி கீழேதான் நிற்கும். ஒரிஜினலின் ருசி நாக்கில் இருக்கிறவரை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்போம். அதைவிட, ஆரம்பத்திலிருந்தே பால் இல்லாத பண்டத்தைச் செய்யுங்கள். வாக்கி கேக் பிடிபடுவது அதனால்தான். அது வெண்ணெய் கேக்கிலிருந்து வெண்ணெயைப் பிடுங்கிய கேக் இல்லை, வெண்ணெயே இல்லாமல் பிறந்த கேக்.

நம்மூரில் அப்படிப் பிறந்தவற்றுக்குப் பஞ்சமா? திருநெல்வேலிக்காரிக்குச் சொதியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுகிற கெட்டியான, சாதுவான குழம்பு. தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். காய்களை மூன்றாம் பாலில் வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடைசியில் முதல் பால். முதல் பால் விட்டதும் அடுப்படியை விட்டு நகரக் கூடாது. விளிம்பில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்து எண்ணெய் தனி, தண்ணீர் தனியாக நிற்கும். சூடு கொஞ்சம் அடங்கியபின் எலுமிச்சை. இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் தொட்டுக்கொள்ள. தாளிப்பில் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டால் பால் ஆகாத பிள்ளையும் தைரியமாகச் சாப்பிடலாம், விருந்தாளிக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது.

முந்திரிக்கொத்து, ஓலைக்கொழுக்கட்டை, உளுந்தங்களி, ஆப்பம் தேங்காய்ப்பால். இதில் எதிலும் பசுவுக்கு வேலை இல்லை. இட்லியைச் சொல்லவே வேண்டாம். ஈஸ்ட் பாக்கெட் இல்லாமல் ராத்திரியில் தானாகப் பொங்குகிற மாவை வைத்துக்கொண்டு, பால் இல்லாமல் மெத்தென்று எதுவும் வராது என்று நாம் கவலைப்படுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

இங்கே இன்னொரு கூட்டத்தோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. “வீகன் என்பதெல்லாம் வெளிநாட்டு மோகம், நம் பாட்டிமார் எல்லாம் அப்படித்தான் சாப்பிட்டார்கள்” என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள். பாட்டிமார் அப்படிச் சாப்பிடவில்லை. பால் வாங்கக் காசு இல்லாத வீட்டுப் பாட்டி பால் இல்லாமல் சாப்பிட்டாள், மாடு இருந்த வீட்டுப் பாட்டி உருக்கிய நெய்யைச் சோற்றுக்கு நடுவில் குழி தோண்டி ஊற்றினாள். வீகன் என்ற சொல்லை 1944இல் இங்கிலாந்தில்தான் உருவாக்கினார்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. நான் வீகனும் இல்லை. காலையில் எனக்குப் பால் காப்பி வேண்டும், அதையும் மறைக்கவில்லை.

அப்புறம், வளர்கிற பிள்ளைக்குப் பாலை நிறுத்தினால் அந்த இடத்தை எதாவது நிரப்ப வேண்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். எள்ளும் கீரையும் இருக்கின்றன. ஆனால் பி12 என்ற வைட்டமின் செடிகொடியிலிருந்து நம்பத்தகுந்த அளவில் கிடைக்காது. கறி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத வீடு என்றால் மாத்திரையோ சொட்டு மருந்தோ வேண்டும், டாக்டரைக் கேட்டுவிடுங்கள். அக்கா வீட்டில் மீன் உண்டு, அதனால் தப்பித்தோம்.

தயிரைப் பற்றித் தோழி கேட்டாள். வேர்க்கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, வெதுவெதுப்பில் நாலைந்து மிளகாய்க் காம்பு போட்டு மூடி வைத்தால் உறையும். முதல் உறை தளதளவென்றுதான் இருக்கும், அதை வைத்து அடுத்தது ஊற்றினால் கொஞ்சம் கெட்டிப்படும். மோர்க்குழம்புக்கு ஓடும். தயிர்சாதத்துக்கு என்னைக் கேட்டால் வேண்டாம், கடலை வாசம் தொண்டையில் நிற்கிறது. வேர்க்கடலையே ஆகாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பேசிவிட்டு, பதில் சாமான் வேண்டாம் என்ற என் சட்டத்தை நானே மீறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். காரணம் தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். கூம்பு கூம்பாக, வாயில் வைத்தால் காணாமல் போகும். எங்களிடமிருந்து ஒரு மணி நேரப் பயணம், யார் தூத்துக்குடி போனாலும் வாங்கி வருவார்கள். அக்கா மகள் மட்டும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். “சித்தி, எனக்கு ஒண்ணு செஞ்சு தாயேன்.”

கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை அடித்தால் வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கும் என்று 2014இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு சொன்னார். அடுத்த வருஷம் கூஸ் வோல்ட் என்ற அமெரிக்கர் அதற்கு அக்வாஃபாபா என்று பேர் வைத்தார். லத்தீனில் தண்ணீர், பயறு, அவ்வளவுதான் அர்த்தம். அங்கே டின்னைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொள்கிறார்கள். நான் உப்பில்லாமல் குக்கரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் நாலு மேஜைக்கரண்டி எடுத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, பீட்டரில் பத்து நிமிஷம். சுண்டல் தண்ணீர் பஞ்சு மாதிரி எழும்பி நின்றது. கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், விழவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் முந்திரிப் பொடியைக் கொட்டினேன், கண்ணெதிரே எல்லாம் இறங்கிவிட்டது. முந்திரியில் இருக்கிற எண்ணெய் நுரைக்கு விரோதி. நைசாக அரைத்தது என் தப்பு, எண்ணெய் கக்கிவிட்டது. இரண்டாம் முறை ரவை மாதிரி உடைத்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்த பிறகு கடைசியில் கரண்டியால் மெதுவாக மடித்தேன். இப்போது வீட்டில் சின்ன ஓவன் இருக்கிறது. 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்து, அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிட்டேன். வெளியே எடுத்தபோது மொறுமொறு. ஐப்பசி மழை, ஒரு மணி நேரத்தில் பிசுபிசுவென்று பல்லில் ஒட்டியது. தூத்துக்குடி மக்ரூனா என்றால் இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

பிள்ளைக்கு ஒப்பிட எதுவும் இல்லை, அவள் ஒரிஜினலைத் தின்றதே கிடையாது. ஆறு மக்ரூன் தின்றாள். ஏழாவதைத் தட்டிலிருந்து எடுத்து டிபன் பாக்ஸில் ஒளித்துவைத்தாள். வெந்த கொண்டைக்கடலையைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை, மூன்று நாளாக வீட்டில் சுண்டல். நாலாவது நாள் அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, “ஏட்டி, இன்னும் எத்தனை முறை செஞ்சு பாக்கப் போற?” என்றார்.

வெயில் காலம் வரட்டும், காற்றில் ஈரம் குறையும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.