பாலக்கோட்டுத் தக்காளிக்கு பெங்களூரில் என்ன வேலை?

"உள்ளூர் விளைச்சல், நேராக உங்கள் வாசலுக்கு" என்று வீட்டுக்கே காய்கறி, தானியம் அனுப்பும் நிறுவனம் செய்யும் விளம்பரத்தை நம்பித் தருமபுரியிலிருந்து ஆர்டர் கொடுக்கிறேன். தக்காளிப் பெட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால், பாலக்கோட்டில் வாங்கி பெங்களூரில் தரம் பிரித்ததாம்! பாலக்கோட்டுச் சந்தை இதோ பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தக்காளி ஓசூரைத் தாண்டிப் போய், குளிர் அறையில் கிடந்து மணத்தைத் தொலைத்து, அதே 44ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்பி வர வேண்டுமா?

சாமை கேட்டால் இருப்பில் இல்லை. சாமை விளைகிற மாவட்டத்தில்! கேழ்வரகு அரைக்கிலோ பளபளப்பான பையில் வருகிறது. விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மாம்பழம் இன்னும் மோசம். கிருஷ்ணகிரியின் கூழ் ஆலைகளுக்கு பெங்களூரா ரக மாங்காய் லாரி லாரியாகப் போகிற பருவத்தில், எனக்கு வருவது தோல் மட்டும் மஞ்சளாகி உள்ளே கல்லாக இருக்கும் காய். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கத் தடை இருக்கிறதே, யார் சோதிக்கிறார்கள்? புகார் சொன்னால் பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம். பணமா கேட்டேன்? பழம் கேட்டேன்!

விலை விழுந்தால் விவசாயி தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். அப்போதும் இவர்கள் விலையை ஒரு ரூபாய் குறைப்பதில்லை. நடுவில் அந்தப் பணத்தை யார் தின்கிறார்கள்?