பச்சை அட்டைக்குக் காசு கொடுத்தது யார்?

நாங்கள் ஏற்றுமதி செய்யும் டிசர்ட்டில் ஒரு சின்ன அட்டை தொங்கும். மறுசுழற்சிக் காகிதம், சணல் கயிறு, பூமியைக் காப்பது பற்றி இரண்டு வரி. அந்த அட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஆடிட் நடக்கும், சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும், சாயப்பட்டறையின் தண்ணீர் ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டும். நியாயம்தான், கேட்கட்டும். ஆனால் எல்லாம் முடிந்து விலை பேச உட்காரும்போது, துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுக்காரர்கள், அதாவது பையர்கள், போன சீசன் விலையில் நாலு சென்ட் குறைக்க முடியுமா என்று ஆரம்பிப்பார்கள். திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

லாபத்துக்காக ஓடும் பொருளாதாரத்தால் இயற்கையைக் காப்பாற்ற முடியுமா என்று முகநூலில் அடிக்கடி சண்டை நடக்கிறது. சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று ஒரு கோஷ்டி, முதலாளித்துவம் ஒழியும்வரை ஒரு செடியும் பிழைக்காது என்று இன்னொரு கோஷ்டி. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. எங்கள் ஊர் ஆறான நொய்யலின் முப்பது வருடக் கதையிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: சந்தை தானாக ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடச் சுத்தம் செய்யவில்லை. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், கோர்ட் பட்டறைகளுக்குப் பூட்டுப் போட்ட பிறகு அதே சந்தை வேகமாகவே கற்றுக்கொண்டது. ஆனால் அந்தச் சுத்தத்துக்கான செலவை, அட்டை மாட்டிப் பெயர் வாங்குகிறவர்கள் இன்றுவரை முழுசாக ஏற்கவில்லை.

பழைய கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எண்பதுகளில் ஏற்றுமதி சூடு பிடித்தபோது வெள்ளை பனியன் தைத்த ஊர் கலர் டிசர்ட்டுக்கு மாறியது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். கறுப்பு, நேவி, மெரூன் மாதிரி அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவார்கள். சாயத்தில் ஒரு பங்கு துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். உப்போ அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். ஊரெல்லாம் பேசியது ஆற்றில் ஓடிய நிறத்தைப் பற்றி. நிறத்தை எடுப்பது பெரிய வித்தை இல்லை. விளைநிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது உப்புதான், அதை எடுப்பதற்குத்தான் காசு ஆகும்.

வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது நொய்யல். 1992இல் சென்னிமலைப் பக்கம் அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் என்று கணக்கு. சில வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணையைத் திறந்து விடுங்கள் என்று எல்லா ஊரிலும் விவசாயிகள் கேட்பார்கள். இங்கே திறக்காதீர்கள் என்று கெஞ்சினார்கள். தென்னை காய்ந்தது, கிணற்றுத் தண்ணீரை மாடுகூட வாய் வைக்கவில்லை.

அந்த வருடங்களில் லண்டனிலும் நியூயார்க்கிலும் மலிவாக விற்ற டிசர்ட்டின் விலையில் ஒரு பகுதியைக் கட்டியது இந்த ஆயக்கட்டு விவசாயி, அதாவது அணைப் பாசனத்தை நம்பி நிலம் வைத்திருந்தவர். எந்த இன்வாய்ஸிலும் அவர் பெயர் கிடையாது. எங்கள் ஊரில் நாலு மாடி எழும்பியதற்கும் அவர்தான் வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கே கோபம் வரும். வரட்டுங்க.

சட்டம் இல்லாமலா இருந்தது? 1996 ஆகஸ்டில் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துகிறவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது. அப்புறம் என்ன நடந்தது? அந்தத் தோல் கழிவு கலந்த பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூல் செய்யுங்கள் என்று மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது. நடுவில் ஓடிய காலத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நொய்யலில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்ததற்குக் காரணம், ஆயக்கட்டுதாரர்களின் சங்கம் விடாமல் பிடித்த பிடி. 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது (இதைத்தான் ஜீரோ டிஸ்சார்ஜ் என்பார்கள்), அந்த நிலையை எட்டும்வரை வெளியேற்றும் தண்ணீருக்கு அபராதம். லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி, 8 பைசா, 10 பைசா என்று ஏறும். ஆற்றில் விடும் ஒவ்வொரு லிட்டர் கழிவுக்கும் ஒரு விலை வந்தது. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் தப்பவில்லை. அதன்பிறகும் ஜீரோ டிஸ்சார்ஜ் எட்டாததால் அவமதிப்பு வழக்கு வந்து, 2011 ஜனவரி 28இல் எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு. சுமார் 700 பட்டறைகள். மின் இணைப்பைத் துண்டித்தார்கள்.

அந்த வருடம் ஊர் இருந்த இருப்பை எழுத ஒரு பதிவு பத்தாது. துணி லாரி ஏறி வெளி மாநிலம் போய்ச் சாயம் ஏறி வந்தது. வேலை போன சாயப்பட்டறைத் தொழிலாளிக்கு யாரும் இழப்பீடு கொடுக்கவில்லை. மாசு செய்தது அவரில்லை, லாபம் பார்த்ததும் அவரில்லை, தண்டனை மட்டும் முதலில் அவருக்கு. இதை விவசாயிகள் மேல் போடுவது அநியாயம். பதினைந்து வருடம் நேரம் இருந்தபோது சும்மா இருந்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

அப்புறம் நடந்ததைத்தான் சந்தையை வெறுக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டும். முடியவே முடியாது என்று சொல்லிவந்த தொழிலே வழியைக் கண்டுபிடித்தது. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. திருப்பூரை ஒட்டிய அருள்புரம் சுத்திகரிப்பு நிலையத்தில் புது முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்களை வைத்துச் சுத்தம் செய்து, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ.வில் விட்டு, நல்ல தண்ணீரைத் திரும்ப எடுப்பது முதல் பாதி. மிஞ்சும் கெட்டியான உப்புத் தண்ணீரை என்ன செய்வது என்பதில்தான் அதுவரை எல்லாரும் தோற்றிருந்தார்கள். அதைச் சுத்தம் செய்து உப்புக் கரைசலாகவே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பலாம் என்று வந்ததும் கணக்கு மாறிவிட்டது. வெளியே வாங்கும் உப்பு குறைந்தது. 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் திரும்ப வந்ததால் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரும் குறைந்தது. ஆற்றில் விட வழி இருந்தவரை தூக்கியெறிந்த உப்பு, வழி அடைத்ததும் சரக்கானது. வியாபாரிக்குக் கதவை அடைத்தால்தான் மூளை ஓடும். நானும் வியாபாரி என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

இப்போது ஜீரோ டிஸ்சார்ஜ் நகரம் என்று கண்காட்சி ஸ்டாலில் பேனர் கட்டுகிறோம். கட்டலாம், தகுதி இருக்கிறது. ஆனால் பேனரில் வராத சங்கதிகளும் உண்டு. மிஞ்சும் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் மின்சாரத்தையும் நீராவியையும் அசுரத்தனமாகத் தின்னும். பாய்லருக்குப் பெரும்பாலும் விறகு. ஆற்றைக் காப்பாற்றும் புகை வானத்துக்குப் போகிறது. நம் ஆட்கள் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை போட்டிருக்கிறார்கள், கூரையில் சோலார் போட்டிருக்கிறார்கள், ஊர் செலவழிப்பதைவிட அதிகமாகவே பசுமை மின்சாரம் எடுப்பதாகச் சங்கங்கள் சொல்கின்றன. அது உண்மையிலேயே பெருமைதான். ஆனால் காற்றாலையால் விறகை மிச்சப்படுத்த முடியாது. கடைசியில் எதற்கும் உதவாத கலவை உப்பு என்று ஒன்று மிஞ்சுகிறது. வாங்க ஆளில்லை. சுத்திகரிப்பு நிலையங்களின் ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆற்றில் கரைந்திருக்க வேண்டியது மூட்டையில் இருக்கிறது, அவ்வளவு முன்னேற்றம் நிச்சயம். ஆனால் அந்த ஷெட் எத்தனை நாளைக்கு?

இந்தச் செலவெல்லாம் சாயக் கூலியில் ஏறும். பனியன் கம்பெனி அந்தக் கூலியைக் கொடுக்கும். கம்பெனிக்காரர் அதைப் பையரிடம் கேட்டால் வேறு ஊரில் விலை குறைவு என்று பதில் வரும். அந்த வேறு ஊரில் ஜீரோ டிஸ்சார்ஜ் கட்டாயம் இருக்கிறதா என்று அவர் கேட்க மாட்டார். எங்களோடு நெடுநாள் வியாபாரம் செய்த ஒரு பையர் (பெயர் வேண்டாம்) சாயக் கூலியைத் தனி வரியாகக் காட்டிய காஸ்டிங் ஷீட்டை (விலைக் கணக்குத் தாளை)த் திருப்பி அனுப்பினார். மொத்த விலை மட்டும் போடுங்கள், விவரம் வேண்டாம் என்றார். விவரம் தெரிந்துவிட்டால் பொறுப்பும் வந்துவிடும் இல்லையா? எங்கே ஈடுகட்டுவது? ஓவர்டைம் கணக்கில், பீஸ் ரேட்டில். பச்சை அட்டையின் செலவில் ஒரு பங்கு பவர்டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் சம்பளத்திலிருந்து போகிறது என்று நான் சொன்னால் அது மிகையில்லை.

அட்டை எழுதுகிறவர்களை அவர்கள் நாட்டிலேயே இப்போது கேள்வி கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு ஏசாஸ், பூஹு, ஜார்ஜ் அட் அஸ்டா ஆகிய மூன்று ஃபேஷன் விற்பனையாளர்களிடம், பசுமை பற்றிய வாசகங்களைத் துல்லியமாகவும் தெளிவாகவும் போடுவோம் என்று எழுதி வாங்கியது. விற்காத துணியைப் பெரிய கம்பெனிகள் அழிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டிருக்கிறது. நல்ல விஷயங்கள். ஆனால் இரண்டுமே அட்டையில் இருக்கும் வாசகத்தையும் குடோனில் இருக்கும் சரக்கையும் பற்றியவை. துணி வாங்கிய விலை சுத்திகரிப்புச் செலவுக்குப் போதுமா என்று கேட்கும் விதி எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

வெளிநாட்டைத் திட்டிவிட்டு நம் வீட்டை விடுவது சரியல்ல. ஜீரோ டிஸ்சார்ஜை நாடு முழுக்கச் சாயத் தொழிலுக்குக் கட்டாயமாக்க மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015இல் வரைவு விதி கொண்டுவந்தது. அடுத்த வருடம் இறுதி விதி வந்தபோது அந்தக் கட்டாயம் காணாமல் போயிருந்தது. எங்கெங்கே தேவையோ அங்கே மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். விளைவு, ஒழுங்காக நடப்பவன் போட்டியில் தோற்கிறான். பக்கத்திலேயே பாருங்கள். ஈரோடு, பவானி, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும் அவை வேறு இடத்தில் முளைப்பதும் வருடா வருடம் செய்தியாகிறது. மழை பெய்தால் நொய்யலில் இன்னும் நுரை வருகிறது. செலவு செய்து சுத்திகரிக்கும் பட்டறைக்காரர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? சுத்தமாக இருப்பது முட்டாள்தனம் என்று ஒருவர் நினைக்கத் தொடங்கிவிட்டால் அப்புறம் எந்தச் சான்றிதழாலும் ஆற்றைக் காப்பாற்ற முடியாது.

நகரத்தையும் சொல்ல வேண்டும். 2011இல் பட்டறைகளைப் பூட்டிய மாதிரி மாநகராட்சியைப் பூட்ட முடியாது. கோவையிலும் திருப்பூரிலும் வீட்டுச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் நொய்யலில் சேர்வது நின்றபாடில்லை. குப்பையைக் கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டப் போய், சுற்றுக் கிராமங்கள் திரண்டு போராடின. நொய்யலுக்குக் கரை கட்டுவதும் நடைபாதை போடுவதும் நடக்கிறது. ஆற்றுக்குள் ஓடுவது என்ன என்பது மட்டும் யார் டெண்டரிலும் இல்லை. இங்கே லாபம் பார்க்கும் முதலாளி யாரும் இல்லை, ஆனால் கதை அதேதான்: கீழே இருக்கிறவன் தலையில் கொட்டு, செலவு மிச்சம். அதனால்தான் முதலாளித்துவத்தை மட்டும் திட்டினால் போதும் என்கிற கட்சியில் என்னால் சேர முடியவில்லை. அபராதம் போட ஆள் இல்லாத இடத்தில் அரசாங்கமும் பட்டறை முதலாளி மாதிரிதான் நடந்துகொள்கிறது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, பையர்கள் கேட்ட முதல் விஷயம் தள்ளுபடி. வரியில் பாதியை நீங்கள் சுமக்க முடியுமா என்றார்கள். ஒரு மெயிலில்கூடச் சுத்திகரிப்பு நிலையம் ஓடுமா என்ற கேள்வி இல்லை. அதற்கு முந்தின மாதம் வரை அதைப் பார்க்கத்தான் ஆடிட்டரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் ஒரு வாய்ப்பு வருகிறது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி நம் ஆயத்த ஆடைக்கு அங்கே இருந்த வரி, பல வகைகளுக்கு 12 சதவீதம் வரை இருந்தது, இல்லாமல் போகும். அந்த மிச்சத்தையும் நாம் போட்டி போட்டு விலைக் குறைப்பாகத் தூக்கிக் கொடுத்துவிடுவோம் என்பது என் பயம், பழக்கம் அப்படி. அதற்கு முன்னால் ஏற்றுமதியாளர் சங்கமும் சாயப்பட்டறைச் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து, கிலோவுக்கு இவ்வளவு சுத்திகரிப்புச் செலவு என்று ஒரே கணக்கை முடிவு செய்யலாம். அதை எல்லாக் கம்பெனியும் காஸ்டிங் ஷீட்டில் தனி வரியாகப் போடலாம். ஒரு கம்பெனி போட்டால் பையர் திருப்பி அனுப்புவார், அதை நான் பார்த்தாயிற்று. ஊரே போட்டால் எங்கே அனுப்புவார்? லூதியானாவுக்கும் பங்களாதேஷுக்கும் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. போகிறவர் போகட்டும். பச்சை அட்டையும் வேண்டும், சுத்தமான தண்ணீர் ரிப்போர்ட்டும் வேண்டும் என்பவருக்கு அவ்வளவு சுலபமாக வேறு ஊர் கிடைத்துவிடாது. அடுத்த பொதுக்குழுவில் இதை எழுப்பப் போகிறேன், கூட நிற்பவர்கள் சொல்லுங்கள்.