எஸ்டிமேட்டில் வராத பாத்ரூம் செலவுகள்
பாத்ரூம் வேலைக்கு எஸ்டிமேட் கேட்டால் டைல்ஸ், கொத்தனார் கூலி, கிளாசெட் என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். இடிக்கிற கூலி எங்கே? ரப்பிஷ் யார் அள்ளுவது? வடசென்னையில் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை சந்துக்குள் லாரி நுழையாது. மூட்டை கட்டி, மாடியிலிருந்து இறக்கி, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில்தான் அனுப்பணும். அந்தக் காசு பாதி வேலையில் தலையில் விழும்.

டைல்ஸ் கணக்கும் அப்படித்தான். 5க்கு 8 பாத்ரூமில் தரை 40 சதுர அடி. 7 அடி உயரச் சுவர், கதவு போக, 165. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் சுமார் 225. குறைத்து வாங்கிவிட்டுப் பிறகு தேடினால் அதே ஷேடு கிடைக்காது.

வயிறு எரிவது வாட்டர்புரூஃபிங்கில்தான். பைப் வேலை முடிந்ததும், சுவரும் தரையும் சேரும் மூலையைச் சிமென்டால் வளைத்துப் பூசி, வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, தரையில் தண்ணி வெளியேறும் நஹானி டிராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணி கட்டி நிறுத்தணும். கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரியாவிட்டால்தான் டைல்ஸில் கை வைக்கணும். 'அதெல்லாம் வேணாம் சார், சிமென்ட்லயே வாட்டர்புரூஃப் லிக்விட் கலந்துட்டோம்' என்று மறுநாளே ஒட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். கசிந்தால் புது டைல்ஸ் மொத்தத்தையும் உடைக்கணுமே, அந்தச் செலவை யார் கொடுப்பது?